நடுநிலை இல்லாத அம்மாவிடம் கேட்டாய்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே நீ என்னிடம் கேட்டாய்: "கொழும்புக்குப் போகவா, இல்ல கிளப்போடயே இருக்கவா? நீங்க சொல்லுங்கம்மா." ரசம் ஊற்றிக்கொண்டிருந்த உன் அப்பா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, "பெரியம்மாகிட்ட கேட்டியா?" என்றும் கேட்டுவிட்டேன். "இல்ல. அவங்க இருன்னுதான் சொல்லுவாங்க. நீங்கதான் எந்தப் பக்கமும் சாயாம சொல்லுவீங்க" என்றாய். உன் அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. அது சிரிப்பு என்று உனக்குத் தெரியாது. இத்தனை வருடம் கூட வாழ்ந்த எனக்குத் தெரியும்.

நான் எந்தப் பக்கமும் சாயாதவள் என்று நீ நம்புவதற்கு நியாயம் இருக்கிறது. உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படிப்பிக்கிறவள், வீட்டில் அதிகம் பேசாதவள், எதையும் சட்டென்று நம்பாதவள். ஆனால் இந்த விடயத்தில் நான் சாய்ந்துதான் இருக்கிறேன், அதுவும் நிறையவே. அதைத் தெரிந்துகொள்ளாமல் என் பதிலை நீ எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொன்னால் பாதியில் நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். எல்லோரும் வாசிக்கிற இடத்தில் எழுதினால் முடிக்காமல் விட முடியாது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் வாசித்தால் தங்களை அடையாளம் கண்டுகொள்வார்கள். கண்டுகொள்ளட்டும்.

எனக்குப் பொறாமை. உன் உதைபந்தாட்டக் கிளப்பின் மேல், மடுல்சீமைப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சரிவான மைதானத்தின் மேல், எல்லாவற்றையும்விடத் தெய்வானையின் மேல். வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: தெய்வானை அந்த மைதானம் இருக்கிற தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பகுதியில், கீழ் டிவிசனில், கொழுந்து பறிப்பவர், உன் அணியின் தலைவனும் கோல்காப்பாளனுமான லோகனின் அம்மா. நீ பயிற்றுவிப்பாளனாகப் போன புதிதில், பயிற்சி முடிந்து பசறைக்கு வருகிற கடைசி பஸ் போய்விட்டால் அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுத்துக்கொள்வதாகச் சொன்னாய். அப்போது அவர் 'லோகனோட அம்மா'. சில மாதத்தில் 'தெய்வானையம்மா' ஆனார். அதன் பிறகு 'பெரியம்மா'. எனக்கு அக்கா கிடையாது. என்னைக் கேட்காமலே எனக்கொரு அக்காவைப் பிடித்துத் தந்துவிட்டாய். அவர் என்னைவிட வயதில் இளையவர் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன்.

உன் முழங்காலை எடுத்துக்கொள். நீ விளையாடுவதை நிறுத்த வேண்டி வந்தபோது, அந்தக் கிழிந்த தசைநாரைப் பற்றி வாசிக்க முடிந்ததையெல்லாம் வாசித்தேன். எந்தப் பயிற்சியை எந்த வாரம் செய்வது என்று குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தேன். நீ முகத்தைச் சுளித்துக்கொண்டு காலை நீட்டி மடக்குவாய், நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பேன். அதில் அன்பாக ஒரு வார்த்தை பேசினேனா என்று கேட்காதே. அது உடற்பயிற்சி, அதற்கு வார்த்தை தேவைப்படவில்லை. கடைசியில் கிளப்பின் ஆண்டு விழாவில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நீ என்ன சொன்னாய்? "எங்க பெரியம்மா நல்லெண்ணெய் தேச்சு விட்டுத்தான் என் கால் சரியாச்சு." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எண்ணெய் தோலைத் தாண்டி அவ்வளவு ஆழத்துக்குப் போகாது என்று பக்கத்திலிருந்த உன் அப்பாவிடம் சொன்னேன். "இங்க வந்துமா?" என்றார்.

இப்படிப்பட்ட ஒருத்தியிடம்தான் நீ நடுநிலையான பதில் கேட்டிருக்கிறாய்.

இந்த வருடம் நீங்கள் லீக்கில் பி பிரிவிலிருந்து ஏ பிரிவுக்கு ஏறப் போராடிய கதை முழுவதும் எனக்கு அடுத்தவர் வாய்வழியாகத்தான் வந்தது. பாதி உன் அப்பாவிடமிருந்து, மீதி அந்தப் பக்கத்திலிருந்து வகுப்புக்கு வருகிற பிள்ளைகளிடமிருந்து. மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் தனித்தனி அணி இருந்து, ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, பிறகு ஒரே கிளப்பாகச் சேர்ந்தார்கள் என்பதும் அப்படித்தான் தெரியும். கிளப்பின் தலைவர் முத்துராசா மேல் டிவிசன்காரர், பசறையில் கடை வைத்திருப்பவர். அவருடைய அக்கா மகன் தினேஷும் கோல்காப்பாளன். நீ கீழ் டிவிசன் லோகனை நிறுத்திவிட்டுத் தினேஷை வெளியே உட்காரவைத்தாய். அந்தப் பருவம் முழுவதும் தலைவர் உன்னைப் பார்க்கிறபோதெல்லாம் ஒரே பாட்டு: "பஸ் நான் தாறேன், பந்து நான் தாறேன், போஸ்ட்டுக்கு நடுவுல நிக்க மட்டும் எங்க அக்கா மகனுக்கு எடமில்லையாங்க கோச்?" நீ சிரித்துச் சமாளித்தாய் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பொறுமை என்னிடமிருந்து வந்ததில்லை.

பிறகு லீக் கூட்டத்தில் நடந்தது. கடைசிப் போட்டி பண்டாரவளை அணியோடு, பதுளை நகர மைதானத்தில். சமநிலையில் முடிந்தாலே நீங்கள் ஏறிவிடுவீர்கள். அவர்களுடைய வீரன் ஒருவனின் வீட்டில் மரணம், ஒரு வாரம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டார்கள். நீ அந்த இடத்திலேயே சரி என்றாய். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொன்னாய், நான் உன்னை மெச்சினேன். கிளப்பைப் பற்றி நீ என்னிடம் நேரடியாகச் சொன்ன மிகச் சில விடயங்களில் அது ஒன்று, அதனால் கூடுதலாகவே மெச்சினேன். அந்த மலையில் பிறந்து வளர்ந்த யாரும் அந்தக் கூட்டத்தில் அப்படிச் சரி சொல்லியிருக்க மாட்டார்கள். மாரியம்மன் திருவிழா நெருங்குகிற மாதத்தில் கல்யாணமோ, காதுகுத்தோ, எதற்கு நாள் குறித்தாலும் கோயில் கமிட்டியை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் குறிப்பார்கள். நீ பதுளையில் வளர்ந்த பிள்ளை. நான் அப்புத்தளைப் பக்கத்தில் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், பிறந்தவள். எனக்கும் நினைவு வரவில்லை.

தள்ளிவைத்த நாள் சரியாகத் திருவிழாவுக்குள் விழுந்தது. லோகன் காப்புக் கட்டியிருந்தான். அவனுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நேர்ந்துகொண்ட தீச்சட்டி. இன்னும் இரண்டு பையன்களும் கட்டியிருந்தார்கள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால், அதை அவிழ்க்கிற நாள் வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. பதுளை மைதானம் எல்லைக்கு வெகு வெளியே. போட்டியைத் தோட்டத்து மைதானத்துக்கு மாற்றலாமா என்று நீ பண்டாரவளைக்காரர்களைக் கேட்டாய். அந்தச் சரிவில் ஆட முடியாது என்றுவிட்டார்கள். நீ அவர்களுக்குக் காட்டிய பெருந்தன்மை ஒரு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை.

கிளப் கமிட்டிக் கூட்டத்தில் தலைவர் உன்னை எல்லோர் முன்னாலும் கேட்டாராம்: "படிச்ச ஆளு வேணும்னுதான் ஒங்களக் கொண்டாந்தோம். கலண்டர் பாக்கத் தெரியாதாங்க?" தினேஷை நிறுத்துகிறேன் என்று நீ சொன்னதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டதாம். "ஐயோ, அவன நம்பியா? கடைசி மேட்ச்சிங்க கோச்!" வருடம் முழுவதும் அக்கா மகனுக்காக வாதாடியவர், ஆட வேண்டிய நாள் வந்ததும் அவனை நம்பவில்லை. லோகனிடம் காப்பை அவிழ்க்கச் சொல் என்றார். "நாங்க சொன்னா அடிக்க வருவானுங்க. நீங்க சொன்னா கேப்பான். அவன் இல்லாமப் போயித் தோத்தா, நீங்க கோச் இல்ல." இன்னொரு பக்கம் கீழ் டிவிசன் பையன்கள், எங்கள் மூன்று பேர் வராவிட்டால் நாங்களும் பஸ் ஏற மாட்டோம் என்றார்கள். இவ்வளவும் நடந்த அந்த நாட்களில் நீ என் தொலைபேசி அழைப்பு ஒன்றையும் எடுக்கவில்லை.

போட்டிக்கு முந்திய நாள் நானும் உன் அப்பாவும் மடுல்சீமை பஸ் ஏறி வந்தோம். நீ எங்கே இருப்பாய் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தெய்வானை வாசலிலேயே எங்களைப் பார்த்துவிட்டார்.

"அடடே, டீச்சரா! வாங்க சார், குனிஞ்சு வாங்க, நெல கொஞ்சம் பதிவு. தல இடிச்சா அப்புறம் என்னையத்தான் திட்டுவீங்க."

உள்ளே நீ பலகையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாய். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் புறங்கையால் துடைத்தாய்.

"வெங்காயம்னு சொல்லும், நம்பாதீங்க டீச்சர். உரிக்கிறது பூடு" என்றார் தெய்வானை. "நேத்துலேருந்து சோறு எறங்கல இதுக்கு. அதட்டி ஒரு ரொட்டி குடுத்தேன்."

நீ அழுது நான் பார்த்தது உன் சின்ன வயதில். அதன் பிறகு முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குக்கூட அழவில்லை. 'அழவில்லை' என்பதை 'என் முன்னால் அழவில்லை' என்று அந்த அடுப்படியில்தான் திருத்திக்கொண்டேன். அந்தப் பலகையும் பூண்டுத் தோலும் அந்தப் புகையும் உனக்குத் தருகிற ஏதோ ஒன்றை, ஜன்னல் நான்கு வைத்துக் கட்டிய என் வீடு தரவில்லை. என்னவென்று கண்டுபிடிக்க வேண்டுமென்று கண்ணால் ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒன்றும் தென்படவில்லை. அதனால் கோபம் வந்தது, கோபத்தில் வாயும் திறந்தது. கதவருகே நின்ற லோகனைப் பார்த்து, "மஞ்சக் கயிறுதானே தம்பி. கழட்டி வச்சிட்டுப் போய்ட்டு வந்து திருப்பிக் கட்டிக்கிட்டா என்ன?" என்று கேட்டேன்.

தெய்வானை ரொட்டியைத் திருப்பிப் போட்டார். லோகன் என்னைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்க கோச். நீங்க சொன்னா கழட்டுறேன்."

"நான் சொல்ல மாட்டேன்டா" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பினாய். "கயிறுதாம்மா. ஆனா அவன் கட்டிக்கிட்டது. நாள மாத்துனது நான். என் பிழைக்கு அவன் ஏன் அவுக்கணும்?"

"அப்ப ஒன் வேலை?"

"போனாப் போகட்டும்."

"அதெல்லாம் போகாது" என்றார் தெய்வானை. "நாளைக்கு நானும் வாறேன் பதுளைக்கு. இவனுங்க அடிக்காட்டி எறங்கி ரெண்டு கோல் நானே போட்டுட்டு வாறேன். டீச்சர், நீங்க பந்து பொறுக்கிப் போடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள், உன் அப்பா எல்லோரையும்விடச் சத்தமாக. அந்த நேரத்தில் உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். அந்த நேரத்தில் இருந்தது எரிச்சல்தான். இப்படிப் பேச இவன் எங்கே கற்றான், என் வீட்டில் கற்கவில்லையே என்ற எரிச்சல். என் வீட்டில் நீ இதைச் சொல்லியிருந்தால், காப்பு என்பது என்ன, நம்பிக்கை என்பது என்ன என்று ஒரு மணி நேரம் வாதாடி உன்னைத் தோற்கடித்திருப்பேன். இன்றைக்கும் அது கயிறுதான் என்பதுதான் என் எண்ணம். ஆனால் நீ சொன்னது கயிற்றைப் பற்றியே இல்லை. அது எனக்குப் புரிய, திரும்பி வருகிற பஸ்ஸில் பசறை தாண்ட வேண்டியிருந்தது.

மறுநாள் கீழ் டிவிசன் பையன்களை லோகனே போய்ப் பேசி பஸ்ஸில் ஏற்றிவிட்டானாம். தோட்டத்து எல்லை வரை நடந்து வந்து, பெயர்ப்பலகைக்கு உள்பக்கமாகவே நின்று கையசைத்தானாம். மைதானத்தில் தெய்வானை எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தாளில் சுற்றிய கடலைச் சரையை என் மடியில் வைத்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து மத்தியஸ்தரை விரட்டினார்: "ரெப்ரி அண்ணே, விசில முழுங்கிட்டீங்களா? தண்ணி தரட்டா?" நான் குடையை நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடைவேளைக்கு முன்னால் பண்டாரவளை ஒரு கோல் போட்டது. தினேஷ் இடப்பக்கம் பாய்ந்தான், பந்து வலப்பக்கம் போனது. தெய்வானை தலையில் கைவைத்துக்கொண்டார்.

அப்போது என் மனதில் என்ன ஓடியது என்பதுதான் நீ தெரிந்துகொள்ள வேண்டியது. தோற்றால் உன்னை விலக்கிவிடுவார்கள், நீ வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று நினைத்தேன். உன் அறையில் மேசையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டால் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்றுகூட யோசித்துவிட்டேன். நீ கோட்டுக்கு வெளியே தலையைக் குனிந்துகொண்டு அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தாய். உன்னைச் சுற்றி உன் வாழ்க்கை சரிந்துகொண்டிருந்தது. நான் மேசை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பாதியில் மூலையிலிருந்து வந்த பந்தை உங்கள் பையன் ஒருவன் தலையால் முட்டிக் கோலாக்கினான். அதற்குப் பிறகு பண்டாரவளை உங்களைப் பந்தைத் தொடவே விடவில்லை. முடிகிற நேரத்தில் மிகக் கிட்டத்திலிருந்து ஒருவன் ஓங்கி உதைத்தான். தினேஷ் பாயவும் இல்லை, கையைத் தூக்கவும் இல்லை. பந்து நேராக அவன் முகத்தில் பட்டு மேலே போய்விட்டது. மூக்கிலிருந்து இரத்தம். விசில் ஊதியதும், விசில் முழுவதாக முடியுமுன், தலைவர் முத்துராசா வயிறு குலுங்க மைதானத்துக்குள் ஓடினார். "எங்க அக்கா மகன்டா! பாத்தீங்களா, எங்க அக்கா மகன்!"

நீங்கள் ஏறிவிட்டீர்கள். நீ முதலில் தினேஷிடம் ஓடினாய், உன் சட்டையால் அவன் மூக்கைப் பிடித்தாய். பிறகு எங்கள் பக்கம் ஓடிவந்தாய். நான் எழுந்து நின்றேன். குடையை மடக்கலாமா என்றுகூட யோசித்தேன். நீ தொலைபேசியை எடுத்துத் தெய்வானையின் கையில் கொடுத்தாய். "லோகன் லைன்ல இருக்கான். நீங்களே சொல்லுங்க பெரியம்மா." அவர் அதைக் காதில் வைத்தார். "டேய்… ஏறிட்டோம்டா" என்று ஒரு மாதிரிச் சொல்லிவிட்டு அழுதார். நீ அவரைக் கட்டிக்கொண்டாய். அவர் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்து, "அட, வந்தீங்களாம்மா?" என்றாய், கல்யாண வீட்டு வாசலில் நின்று விருந்தாளியைக் கேட்கிற மாதிரி. பிறகு தெய்வானை என்னையும் கட்டிக்கொள்ள வந்தார். குடை நடுவில் இருந்தது.

சரி. இனி உன் கேள்விக்கு வருகிறேன். நீ கேட்டதும் என் மனதில் முதலில் வந்த பதில், கொழும்புக்குப் போ என்பதுதான். அடுக்கடுக்காகக் காரணமும் வந்தது. பெரிய கிளப், உதவிப் பயிற்றுவிப்பாளர் பதவி, மேல் சான்றிதழ், உன் முழங்காலுக்கு நல்ல வைத்தியர். ஒவ்வொன்றும் உண்மை. வகுப்பில் பிள்ளைகள் எழுதியிருந்தால் முழுப் புள்ளி கொடுத்திருப்பேன். ஆனால் இந்த வாரம் முழுவதும் அந்தக் காரணங்களை நான் விரும்பியே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு விருப்பம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டேன். கொழும்புக்குப் போனால் நீ எனக்கும் இருக்க மாட்டாய், ஆனால் அவருக்கும் இருக்க மாட்டாய். அந்த இரண்டாவது பாதிதான் எனக்கு இனித்தது.

அந்த விருப்பத்தை எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது வேறு. கொழும்பில் வேறொருவர் எடுக்கிற முடிவை நீ பையன்களிடம் போய்ச் சொல்வாய். இங்கே முடிவு உன்னுடையது. ஏ பிரிவில் நெருக்கடி இன்னும் கூடும். அணியைக் கமிட்டிதான் தெரிவு செய்யும் என்று தலைவர் இப்போதே பேசுகிறார் என்று உன் அப்பா சொன்னார். அடுத்த வருடமும் யாராவது வந்து, நீ சொன்னால் அவன் கேட்பான் என்று உன்னிடம் சொல்வார்கள். அந்த அடுப்படியில் லோகன் உன்னைப் பார்த்த பார்வையை நான் கண்டேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் உண்மையிலேயே அவிழ்த்திருப்பான். உன் இடத்துக்கு வருகிற ஆள் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவான். நான்கூடச் சொன்னேன்.

அதனால் இரு. அந்தக் கிளப்போடு, அந்தச் சரிவான மைதானத்தோடு, அந்தப் பலகையோடு இரு. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பிடிக்காத பதிலாக இருப்பதால்தான் இதை நம்பி உனக்குத் தருகிறேன். இருப்பதென்றால் சில விடயங்களைச் செய். லீக் கூட்டத்தில் எதற்கும் உடனே சரி சொல்லாதே, உன் பெருந்தன்மைக்காக அடுத்தவர்களின் நாளை எடுத்துக் கொடுத்துவிடுகிறாய். தினேஷுக்கு ஒன்றிரண்டு போட்டி கொடு, தலைவருக்காக அல்ல, அந்த மூக்குக்காக. அணியைத் தெரிவு செய்வதைக் கமிட்டிக்கு விட்டுக்கொடுக்காதே, கேட்டால் எழுதித் தரச் சொல், எழுதச் சொன்னால் பாதிப் பேர் பின்வாங்குவார்கள். எண்ணெய் தேய்த்துக்கொள், ஆனால் பயிற்சியையும் செய். நான் கூப்பிட்டால் எடு. எடுத்து ஒன்றும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

என் பொறாமை இந்தக் கடிதத்தோடு தீர்ந்துபோகும் என்று நினைக்காதே. நீ அங்கே இருக்கிற வரைக்கும் அதுவும் இருக்கும், நான் சமாளித்துக்கொள்வேன். தெய்வானையிடம் கேட்டிருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார், ஒரு நொடிகூட யோசிக்காமல். எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஆனால் நீ கேட்டது என்னிடம். அவரிடம் நீ இனிமேல் கேட்க வேண்டாம். முடிவை மட்டும் போய்ச் சொல். சொல்லும்போது, இருக்கச் சொன்னது அம்மா என்று சொல். முதலில் சொன்னது நான்.